நாற்பது கேசட், நான்கு சிடி: ஒரு ராக் குழுவின் ஒலிச் சோதனைகள்

எதைப் பற்றிய பதிவு

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தைச் சேர்ந்த ஃப்ளேமிங் லிப்ஸ் என்ற ராக் குழு, 1996 முதல் 1999 வரை நான்கு சோதனைகளை அடுத்தடுத்து செய்து பார்த்தது. நான்கிலும் அடிப்படை ஒன்றுதான். பாட்டு ஒரு மேடையிலிருந்தோ ஒரு ஜோடி ஸ்பீக்கரிலிருந்தோ வராமல், பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வர வேண்டும். அதை ஓடவிடும் வேலையில் கேட்க வந்தவர்களுக்கும் ஒரு கை இருக்க வேண்டும்.

குழுவின் பெயரும் ஆல்பங்களின் பெயர்களும் ஊரறிந்தவை, அவற்றை அப்படியே சொல்கிறேன். ஆட்களைப் பாடகர், டிரம்மர், மேலாளர் என்று வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன். எந்தக் கட்டத்தில் என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அதனால் என்ன ஆனது என்பதுதான் நமக்கு வேண்டியது. கோயில் விழாவோ கல்லூரி நிகழ்ச்சியோ, பல ஸ்பீக்கர்களையும் பெருங்கூட்டத்தையும் வைத்து எதையாவது செய்ய நினைப்பவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

ஒரு சின்ன சோதனையைச் செய்துவிட்டு மேலே படித்தால் நல்லது. வீட்டில் இரண்டு செல்போன்களை எடுத்து, ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஓடவிட முயன்று பாருங்கள். முதல் முயற்சியில் சேராது, ஐந்தாவது முயற்சியிலும் அநேகமாகச் சேராது. அந்தச் சேராத இடைவெளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் இந்தக் குழு நான்கு விதமாகப் பதில் தேடியது.

பின்னணி

குழு தொடங்கியது 1983-ல். சிறிய நிறுவனங்களில் சில ஆல்பங்கள் வெளியிட்ட பிறகு, 90-களின் தொடக்கத்தில் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. 1993-ல் வந்த ஆல்பத்தின் ஒரு பாட்டு தாமதமாகப் பற்றிக்கொண்டு 1995-ல் அமெரிக்க வானொலிகளில் ஓடியது. இளைஞர்கள் பார்க்கும் ஒரு பிரபலத் தொலைக்காட்சித் தொடரில்கூட குழு வந்து அதை வாசித்தது. 1995 செப்டம்பரில் அடுத்த ஆல்பம் வந்தது, விற்கவில்லை. 1996-ல் கிதார்காரர் விலகினார். மீதி இருந்தது மூன்று பேர்: பாடகர், பேஸ் வாசிப்பவர், டிரம்மர்.

இங்கே எடுத்த முடிவிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளம்புகிறது. வழக்கமான குழுவாக இருந்தால் வேறொரு கிதார்காரரைத் தேடியிருக்கும். இவர்கள் தேடவில்லை. டிரம்மருக்குக் கிதாரும் வரும், கீபோர்டும் வரும், ஸ்டூடியோவில் அது போதும். ஆனால் மேடையில் அவர் ஒருவரே எல்லாவற்றையும் வாசிக்க முடியாது. அப்படியானால் மேடையில் வாசித்துக் காட்டும் கட்டாயமே இல்லாத இசையைச் செய்து பார்த்தால் என்ன? ஆள் குறைந்ததால் வந்த கேள்வி அது. புதுமை செய்ய வேண்டும் என்ற வேகத்தில் வந்தது என்று பிற்பாடு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

கூடவே ஒரு பழைய நினைவும் இருந்தது. இளம் வயதில் ஒரு கச்சேரிக்குப் போனபோது, வண்டி நிறுத்துமிடத்தில் பல கார்களின் ரேடியோவிலும் ஒரே பாட்டு ஒரே சமயத்தில் ஒலித்ததைப் பாடகர் கேட்டிருக்கிறார். நம் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வீடு வானொலி பாடிக்கொண்டிருந்த காலத்தில் தெருவில் நடந்தவர்களுக்கு, பாட்டு கூடவே நடந்து வந்த அனுபவம் இருக்கும். ஒரு வாசலில் பல்லவி தேய, அடுத்த வாசலில் அதே பல்லவி ஏறும்.

பல இடத்து ஒலி இவர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951-ல் 12 வானொலிப் பெட்டிகளையும் அவற்றைத் திருகுவதற்கு 24 பேரையும் வைத்து ஒரு படைப்பு செய்தார். 1958-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் மூன்று இசைக்குழுக்களை மூன்று நடத்துநர்களோடு கேட்பவர்களைச் சுற்றி நிறுத்தினார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் மின்னணு இசை நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்கள் வழியே ஒரு கட்டடத்தின் சுவர்களில் ஓடியது. 1967-ல் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு லண்டனில் அரங்கைச் சுற்றி ஒலியை நகர்த்தியது. 1992-ல் ஃபில் கிளைன் என்ற இசையமைப்பாளர் நியூயார்க் தெருக்களில் மக்கள் கையில் டேப் ரெக்கார்டர்களைக் கொடுத்து ஊர்வலமாக நடக்க வைத்தார்.

இதில் வியாபாரமாக முயன்று தோற்ற ஒன்றும் உண்டு. 70-களில் நான்கு ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் இசைத்தட்டுகளை நிறுவனங்கள் சந்தையில் இறக்கின. ஒரு நிறுவனத்தின் முறை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் சரியாக ஓடாது. வீட்டில் நான்கு ஸ்பீக்கருக்கு இடமும் இல்லை, காசும் இல்லை. சில ஆண்டுகளில் அந்த முயற்சி அடங்கியது. 1996-ல் நம் குழு கையை வைத்தது ஒருமுறை சுட்ட அடுப்பில்தான்.

முதல் சோதனை: கார்கள், 1996–97

பாடகர் 40 கேசட்டுகளைத் தயாரித்தார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஒலி. எல்லாம் சேர்ந்தால் சுமார் 20 நிமிடப் படைப்பு. கார் வைத்திருப்பவர்களை ஒரு வண்டி நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கேசட் கொடுத்தார்கள். எப்போது பட்டனை அழுத்த வேண்டும் என்று பாடகர் சொல்வார், எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். முதலில் ஓக்லஹோமா நகரத்திலும், 1997 மார்ச்சில் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் இசை விழாவிலும் இதைச் செய்தார்கள்.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள்.

கேசட் டேப் நொடிக்கு சுமார் 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். கார் டெக்குகள், அதாவது காரில் கேசட்டை ஓடவிடும் கருவிகள், அந்த அளவை அப்படியே காப்பதில்லை. மோட்டார் பழசாகும், ரப்பர் பெல்ட் தளரும், ரோலரில் அழுக்கு சேரும். ஒரு சதவீதம் முன்பின் என்பது அந்தக் காலக் கார் டெக்குக்கு ஆச்சரியமே இல்லை. 20 நிமிடம் என்பது 1,200 நொடி. அதில் ஒரு சதவீதம் 12 நொடி. ஒரு கார் கொஞ்சம் வேகமாகவும் இன்னொரு கார் கொஞ்சம் மெதுவாகவும் ஓடினால், முடிவில் இரண்டுக்கும் நடுவே இருபது நொடிக்கு மேல் இடைவெளி விழும். எல்லோரும் ஒரே கணத்தில் பட்டனை அழுத்தினாலும் இது நடக்கும். வேகம் மாறினால் சுருதியும் மாறும். ஒரு சதவீதம் என்பது அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. நாற்பது டெக்கில் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் காதுக்குத் தெரியாமல் போகாது.

அடுத்தது தூரம். ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளியுள்ள காரின் ஒலி 29 மில்லி விநாடி தாமதமாக வரும், 34 மீட்டர் என்றால் பத்தில் ஒரு நொடி. இரண்டு ஒலிகளுக்கு நடுவே சுமார் 30 மில்லி விநாடி வரை இருந்தால் காது அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும். 50-ஐத் தாண்டும்போது எதிரொலி தனியாகத் தெரியத் தொடங்கும். திருவிழாவில் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அறிவிப்பு ‘வரவும்… வரவும்… வும்’ என்று கேட்பது இதனால்தான். ஆக, டெக் எல்லாம் துல்லியமாக ஓடினாலும், இருபது முப்பது கார்கள் பரவி நிற்கும் இடத்தில் எல்லோருக்கும் தாளம் சேராது. ஒருவர் நிற்கும் இடத்தில் சேர்ந்தால் இன்னொருவர் இடத்தில் பிரியும்.

இதற்கு எடுத்த முடிவைத்தான் இந்தச் சோதனையின் மிக நல்ல முடிவாக நினைக்கிறேன். கருவிகளைத் திருத்தப் போகாமல் இசையை மாற்றினார்கள். இறுக்கமான தாளத்தை நம்பி நிற்காத, நீர்போல் வழியும் ஒலிகளாகவே அந்த 20 நிமிடத்தையும் அமைத்தார்கள். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை. பிழையை ஒழிக்க முடியாது என்று தெரிந்ததும், அது உறுத்தாத இடத்துக்கு அதை நகர்த்திவிட்டார்கள்.

கேட்பவர்கள் பக்கம் இரண்டைக் கவனிக்கலாம். கார்களுக்கு நடுவே நடக்க நடக்க ஒலி மாறும். எங்கே நிற்பது, எங்கே நகர்வது என்பதே ஒரு மிக்ஸிங், அதாவது ஒலிகளை அளவாகக் கலக்கும் வேலை, ஆகிவிடுகிறது. இன்னொன்று, பங்கேற்பு என்று பெரிதாகச் சொன்னாலும் கார்க்காரர் செய்தது ஒரே ஒரு வேலைதான், பட்டனை அழுத்தினார். அதற்குப் பிறகு அவரும் பார்வையாளர்தான். அந்த ஒரு அழுத்தலுக்காகத் தன் வண்டியோடு வந்து நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது. மேடைக்கு முன்னால் நிற்கும் ரசிகருக்கு இல்லாத ஒரு உரிமை அவருக்கு வந்துவிட்டது. தன் கார் இல்லையென்றால் இந்தப் பாட்டில் ஒரு குரல் குறையும்.

இரண்டாவது: நான்கு சிடி, 1997

நாற்பது கேசட்டைக் கடையில் விற்க முடியாது. ஆனால் யோசனையை விடவும் மனமில்லை. நான்கு சிடி, அவற்றை நான்கு பிளேயரில் ஒரே நேரத்தில் போட்டுக் கேட்கும் எட்டுப் பாடல்கள் என்ற வடிவத்துக்கு வந்தார்கள்.

இதை ஒரு பெரிய நிறுவனம் ஏன் வெளியிட்டது? மேலாளர் போட்ட கணக்குதான் காரணம். இந்த ஆல்பத்தையும் அடுத்து வரப்போகும் வழக்கமான ஆல்பத்தையும் ஒரே பட்ஜெட்டில் முடித்துத் தருகிறோம், இது ஒப்பந்தத்தில் உள்ள ஆல்பங்களின் எண்ணிக்கையில் சேர வேண்டியதில்லை, சில ஆயிரம் பிரதிகள் விற்றாலே உங்கள் காசு வந்துவிடும் என்று பேசினார். நிறுவனத்துக்கு இழப்பு அதிகமில்லை, கலைஞர்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். சோதனை முயற்சிக்குக் காசு கேட்கப் போகிறவர்கள் இந்தப் பேரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘என் கலையை நம்புங்கள்’ என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு போனால் நஷ்டம், எவ்வளவு வந்தால் சரிக்குச் சரி என்று எண்ணில் பேசினார்.

ஆல்பத்தின் பெயர் ‘ஸைரீகா’. குழப்பத்தில் இருந்த ஸயர் என்ற ஆப்பிரிக்க நாட்டின் பெயரையும், ‘கண்டுபிடித்தேன்’ என்று பொருள்படும் ‘யுரேகா’வையும் ஒட்டியது. ஒரு பக்கம் குழப்பம், இன்னொரு பக்கம் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி. ஆல்பம் வந்தது 1997 அக்டோபரில். அதே ஆண்டு மே மாதத்தில் அந்த நாட்டுச் சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சி விழுந்து, ஸயர் காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிவிட்டது. ஆல்பம் கடைக்கு வந்தபோது அந்தப் பெயரில் நாடே இல்லை.

சிடியில் பழைய வேகப் பிரச்சினை பெரிதும் குறைகிறது. பிளேயருக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம்தான் நொடிக்கு ஒலியின் 44,100 மாதிரிகள் என்ற வேகத்தைக் காக்கிறது. இரண்டு பிளேயர்களின் படிகங்களுக்கு நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடப் பாட்டில் விலகல் 15 மில்லி விநாடிதான். கேசட்டோடு ஒப்பிட இது ஒன்றுமே இல்லை. சிக்கல் இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. நான்கு பேர் நான்கு பட்டனை அழுத்துகிறார்கள். ஒருவர் விரல் முந்தும், ஒருவர் விரல் பிந்தும். ஒரு பிளேயர் உடனே பாடும், இன்னொன்று தட்டைச் சுழற்றி, இடத்தைத் தேடி, அப்புறம்தான் பாடும். ஓடும்போது வரும் விலகலைவிடத் தொடக்கத்தில் வரும் விலகல் பல மடங்கு பெரிது.

இதற்காகப் பாட்டின் முன்னால் இது எத்தனையாவது பாட்டு என்று குரலில் அறிவிப்பு வைத்தார்கள். நான்கு அறிவிப்பும் சேர்ந்து கேட்டால் சரி, இல்லையென்றால் நிறுத்தி மறுபடி தொடங்கலாம். பிளேயர்கள் ஒரே வேகத்தில் ஓடாது என்பதை ஆல்பத்தோடு வந்த குறிப்பிலேயே மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாகத்தான் கேட்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது குறையாகப்படாது. தெரியாதவர் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போவார்.

ஒரு சிடிக்கு இடது, வலது என இரண்டு தடம் என்றால் நான்கு சிடிக்கு எட்டுத் தடம். ஆனால் ஆல்பம் அதோடு நிற்கவில்லை. ஒன்றை மட்டும் போடலாம், இரண்டைச் சேர்க்கலாம், மூன்றைச் சேர்க்கலாம். மொத்தம் 15 விதமாகச் சேர்க்கலாம். வாங்கியவரிடமே கடைசி மிக்ஸிங் வேலை போய்விட்டது. பிளேயரை எந்த மூலையில் வைப்பது, எதன் ஒலியைக் கூட்டுவது என்பதும் அவர் பாடு. டிரம்ஸ் ஒலி அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எறியப்படுவதுபோல் ஒரு பாட்டில் அமைத்தார்கள். இன்னொன்றில் வழக்கமான இசைப்பதிவுகளில் வராத அளவுக்கு உயர்ந்த, தாழ்ந்த அதிர்வெண்கள் இருக்கின்றன, சிலருக்குத் தலைசுற்றலாம் என்று எச்சரிக்கையே அச்சிட்டார்கள். கடைசிப் பாட்டு நான்கு பக்கமிருந்தும் வரும் நாய்க் குரைப்பில் முடிகிறது. பக்கத்து வீட்டு நாய்கள் என்ன நினைத்தனவோ.

வந்த எதிர்வினை

இரண்டு விதமாக வந்தது. ஓர் இணைய இசை இதழ் பத்துக்கு 0.0 மதிப்பெண் கொடுத்தது. நான்கு சிடி பிளேயர் இல்லாமல் இதைக் கேட்கவே முடியாது என்பதுதான் விமர்சகரின் முக்கியக் கோபம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒருவர் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து முழுமையாகக் கேட்க முடியாத பொருள் அது. 70-களில் நான்கு ஸ்பீக்கர் இசைத்தட்டு எதனால் தோற்றதோ அதே சுவரில்தான் இதுவும் மோதியது.

ஆனால் இதே குறை இன்னொரு வேலையையும் செய்தது. ஒருவரிடம் ஒரு பிளேயர்தான் இருக்கும். மீதி மூன்றுக்கு நண்பர்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒயரை இழுத்து, மூலைக்கு ஒன்றாக வைத்து, யாரோ ஒருவர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ண வேண்டும். இப்படிக் கூடிக் கேட்பதற்கென்றே வீடுகளிலும் கடைகளிலும் சந்திப்புகள் நடக்கத் தொடங்கின. ஆல்பத்தைவிட அந்தச் சந்திப்புதான் பெரிய படைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் பாடகர் ஒருவர் நின்று கட்டளை கொடுத்தார். இங்கே அவர் இல்லவே இல்லை. எண்ணிச் சொன்னது அந்த வீட்டுக்காரர்.

விற்பனை பெரிய நிறுவனத்தின் கணக்கில் மிகச் சின்னதுதான், ஆனாலும் மேலாளர் சொன்ன கோட்டைத் தாண்டியது.

மூன்றாவது: டூ-இன்-ஒன் வாத்தியக் குழு, 1998

இப்போது குழு மறுபடி ஊர் ஊராகப் போக வேண்டும், மூன்று பேர்தான் இருக்கிறார்கள். கார்களை அரங்குக்குள் கொண்டுபோக முடியாது. கூட்டத்திலிருந்து முன்வரும் சுமார் 40 பேரை மேடையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பூம்பாக்ஸ், அதாவது நம் வீடுகளில் டூ-இன்-ஒன் என்று இருந்த பெட்டி, கொடுத்தார்கள். இருபது இருபது பேராக இரண்டு அணிகள். ஒன்றைப் பாடகரும் இன்னொன்றை டிரம்மரும் நடத்தினார்கள். டேப்பில் இருப்பது குழு முன்பே தயாரித்த ஒலி. அதன் சத்தத்தையும் வேகத்தையும் தொனியையும் நடத்துநரின் சைகைக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பது உட்கார்ந்திருப்பவர்களின் வேலை.

இங்கே பிழை என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடுகிறது. வேகத்தை மாற்றுவதே வாசிப்பு என்றால் டேப் தானாக விலகுவதை யார் கவனிப்பார்கள்? கார்க்காரர் ஒருமுறை பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தார். இவருக்குக் கடைசிவரை வேலை இருக்கிறது. ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாத ஆள், நாற்பதில் ஒருவராக, இசைக்குழுவில் உட்கார்ந்துவிடுகிறார்.

இழப்பும் உண்டு. வீட்டுக்காரர் கைக்குப் போன அதிகாரம் நடத்துநர் கைக்குத் திரும்பியது. நாற்பது பேர் வேலை செய்ய, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒலி மேடையிலிருந்துதான் வந்தது என்பதால், கார்களுக்கு நடுவே நடந்து கேட்டவருக்குக் கிடைத்தது இங்கே கிடைக்காது. ஆனால் பார்க்க நன்றாக இருக்கும், புரியும். கையை உயர்த்தினால் இருபது பெட்டிகள் எழுகின்றன. ஒரு கூட்டத்துக்கு உடனே விளங்கும் காட்சி அது. கார்ச் சோதனையில் என்ன நடக்கிறது என்று பாதிப் பேருக்குப் புரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நான்காவது: காதில் ஒன்று, அரங்கில் ஒன்று, 1999

1999-ல் வழக்கமான ஆல்பமான ‘தி சாஃப்ட் புலட்டின்’ வந்தது. அந்தப் பயணத்தில் கேட்பவர்களுக்குச் சிறிய எஃப்.எம். ரேடியோவும் ஹெட்போனும் கொடுத்தார்கள். கச்சேரியின் ஒலியை ஒரு டிரான்ஸ்மிட்டர் வழியாக அனுப்ப, நுணுக்கமான பகுதிகள் காதுக்கே வரும். அரங்கின் பெரிய ஸ்பீக்கர்கள் உடம்பில் அதிரும் அடிச்சத்தத்தைத் தரும்.

காரணம் இங்கேயும் நடைமுறைதான். ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகக் கட்டிய இசை, எதிரொலிக்கும் ஓர் அரங்கில் கூழாகிவிடும். ஹெட்போனில் கூழாகாது. டிரம்மர் மேடையில் கிதாருக்கும் கீபோர்டுக்கும் போய்விட்டார். டிரம்ஸ் முன்பே பதிவு செய்தது, அவர் வாசித்த படம் பின்னால் திரையில் ஓடியது. ஆள் குறைவு என்ற 1996-ன் பிரச்சினைக்கு இது நேரடியான விடை.

பழைய இடைவெளி இதிலும் ஒளிந்திருக்கிறது. வானொலி அலை காதுக்கு உடனே வந்துவிடும். மேடையிலிருந்து 30 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஸ்பீக்கர் ஒலி சுமார் 88 மில்லி விநாடி கழித்துத்தான் வரும். முன் வரிசைக்காரருக்கு இரண்டும் சேரும், பின் வரிசைக்காரருக்குக் காதில் ஒரு டிரம்ஸும் நெஞ்சில் இன்னொரு டிரம்ஸும் தனித்தனியாக விழும். பங்கேற்பு என்ற கோணத்தில் பார்த்தால், நான்கில் மிகவும் ஒடுங்கியது இதுதான். ஆளுக்கு ஒரு ரேடியோ இருக்கிறது, அதில் செய்ய முடிந்தது சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே.

பிறகு நடந்தவை

சாஃப்ட் புலட்டின் குழுவின் நிலையையே மாற்றியது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்களில் ஒன்றாக விமர்சகர்கள் அதை எண்ணினார்கள். 2002-ல் வந்த அடுத்த ஆல்பம் இன்னும் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது, அதிலுள்ள ஒரு வாத்திய இசைக்கு 2003-ல் கிராமி விருது கிடைத்தது. ஸைரீகா செய்த அதே ஒலிப்பதிவாளரோடு, ஏறக்குறைய அதே காலத்தில் உருவான இசைதான் சாஃப்ட் புலட்டின். எட்டுத் தடங்களில் பரப்பிப் பழகிய கை, அதே அடர்த்தியை இரண்டு தடத்துக்குள் மடிக்கக் கற்றுக்கொண்டது என்றே நான் அதைக் கேட்கிறேன். இதை நிரூபிக்க முடியாது, காதுதான் சாட்சி.

பல இடத்து ஒலி மேடையிலிருந்து மெல்ல மறைந்தது, கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும் ஆசை மட்டும் மறையவில்லை. ரசிகர்களுக்கு மிருக வேஷம் போட்டு மேடையில் ஆடவிட்டார்கள். 2004-ல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் பாடகர் ஒரு பெரிய பிளாஸ்டிக் கோளத்துக்குள் புகுந்து கூட்டத்தின் கைகள்மேல் உருண்டார். 2021 ஜனவரியில், கொரோனா நேரத்தில், ஓக்லஹோமா நகரத்தில் பார்வையாளர்களையும் அதேபோன்ற கோளங்களுக்குள் வைத்துக் கச்சேரி நடத்தினார்கள். நடுவே 2011-ல் ஒரு பாட்டை 12 காணொளிகளாகப் பிரித்து யூடியூபில் போட்டார்கள். பன்னிரண்டு செல்போன்களில் ஒன்றாக ஓடவிட வேண்டும். கார் போய், சிடி போய், பிளே பட்டன் மறுபடி ரசிகர்கள் விரலுக்கு வந்தது. கூடவே இணையம் தடுமாறும் இடைவெளியும் வந்தது.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

கார்ச் சோதனையில் கேசட்டுகளைத் தூரத்தை வைத்துப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். துடிப்பான ஒலிகளை நடுவில் நிற்கும் நான்கைந்து கார்களுக்கும், நீண்டு வழியும் ஒலிகளை ஓரத்துக் கார்களுக்கும் கொடுத்தால், நடுவில் தாளம் ஓரளவு நிற்கும், ஓரத்தில் அது சிதறுவது தெரியாது. எந்தக் கார் முதலில் வருகிறதோ அதற்கு எந்தக் கேசட் கையில் இருக்கிறதோ அது என்று போனால் இந்த வசதி கைவிட்டுப் போகும். தொடக்கத்தில் அரை நிமிடம் கைதட்டல் ஒலி மட்டும் வைத்து, சேராத கார்களைக் கண்டுபிடித்து மறுபடி ஓடவிட்டிருக்கலாம்.

ஸைரீகாவில் நான் சேர்த்திருப்பது ஐந்தாவதாக ஒரு சிடி. நான்கையும் இரண்டு தடத்தில் கலந்த, ஒரே பிளேயரில் கேட்கும் வடிவம். அது படைப்பின் நோக்கத்தையே கெடுக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் பாதி மனம் அப்படித்தான். ஆனால் ரசிகர்கள் தாங்களாகவே அப்படிக் கலந்து பரப்பிவிட்டார்கள். குழுவின் கையால் வந்திருந்தால் அந்தப் பூஜ்ய மதிப்பெண்காரருக்கும் கேட்க ஏதாவது இருந்திருக்கும். கேட்டது பிடித்துப்போய், மீதிக்கு மூன்று நண்பர்களைத் தேடியிருப்பார்.

டூ-இன்-ஒன் குழுவில் அந்த நாற்பது பேரில் பத்துப் பேரையாவது மேடையிலிருந்து இறக்கி, அரங்கின் பின்வரிசைகளில் பெட்டியோடு நிறுத்தியிருப்பேன். ஹெட்போன் கச்சேரியில், ஹெட்போனுக்குப் போகும் ஒலியை 40, 50 மில்லி விநாடி தாமதப்படுத்தினால் நடுவரிசைக்காரர்களுக்கு இரண்டும் சேரும், பின்வரிசைக்காரர்களுக்குப் பிழை பாதியாகும், முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும் ஏறக்குறைய அதே அளவு பிழை புதிதாக வரும். அரங்கின் ஒலியமைப்பாளர்களிடம் அன்றே இருந்த ஒரு சாதாரணக் கருவி போதும்.

குழுவோ இந்தத் திசையில் எதையும் திருத்தவில்லை. 2013-ல் ஸைரீகாவை மறுபடி வெளியிட்டபோது நான்கு வினைல் இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள். இந்த முறை நான்கு ரெக்கார்ட் பிளேயர் வேண்டும், நான்கு ஊசியையும் ஒரே நேரத்தில் கையால் இறக்க வேண்டும்.